‘தீம்’ என்பதற்குப் ‘பொருட்சரடு’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு கவிதை முழுக்க ஊடே ஓடும் பொருளை ஆங்கிலத்தில் ‘தீம்’ (theme) என்கிறார்கள். பாடநூல்கள் அதைக் ‘கருப்பொருள்’ என்கின்றன. அதற்கு வேறு தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> பாடநூல்களில் ‘கருப்பொருள்’ வேரூன்றிவிட்டது. அதை ஏன் இப்போது அசைக்க வேண்டும்?

ஐயா, அசைத்தே ஆகவேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் ஒரு விடைத்தாள். போன பருவத்தேர்வில் ‘நிலத்தினும் பெரிதே’ என்ற குறுந்தொகைப் பாட்டைக் கொடுத்து, இதன் கருப்பொருள் யாது என்று கேட்டிருந்தார்கள். ஒரு மாணவி ‘குறிஞ்சிப்பூ, தேன்’ என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் இருந்ததோ ‘காதலின் ஆழம்’. அவளுக்கு மதிப்பெண் போட வழியில்லை. ஆனால் அகப்பொருள் இலக்கணப்படி அவள் எழுதியதுதான் சரி. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று அந்தந்த நிலத்துக்கு உரியவைதானே கருப்பொருள்? இரண்டு பாடம் முன்னால் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஒரே சொல்லுக்கு ஒரே வகுப்பில் இரண்டு பொருள் வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தண்டிக்கிறோம்.

தீமுக்கு உரிப்பொருள் என்று சொல்லலாமே என்ற யோசனையும் வந்தது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற ஐந்து காதல் நிலைகளுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை அது, புறப்பாட்டுக்கே போடமுடியாது. பழைய இலக்கணத்தில் பாட்டின் சூழலைக் குறிக்கும் ‘துறை’யை எடுத்தால், இன்று எல்லாருக்கும் அரசு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். பாடுபொருள் அருமையான சொல். ஆனால் அது கவிதை எதைப் பற்றியது என்பதோடு நின்றுவிடுகிறது, அதை அந்த வேலைக்கே விட்டுவைப்போம்.

சரி, நமக்கு வேண்டியது என்ன? புறநானூறு 192ஐ எடுத்துக்கொள்கிறேன். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற முதல் அடியை வைத்தே ‘உலக ஒற்றுமை’ என்று மையக்கருத்தை எழுதி முடித்துவிடுகிறோம். பாட்டுக்கு 13 அடி. மீதி 12 அடி என்ன செய்கிறது? தீது, நன்று, நோதல், தணிதல், சாதல், வாழ்தல், இனிது, இன்னாது, பெரியோர், சிறியோர். முழுக்க இணை இணையாகவே வருகிறது. ‘இலமே’ என்ற சொல் நான்கு முறை வருகிறது: மகிழ்வதும் இல்லை, வெறுப்பதும் இல்லை, வியப்பதும் இல்லை, இகழ்வதும் இல்லை. பூமாலையில் நூல் போவதுபோல ஒரு சமநிலை இந்தப் பாட்டுக்குள் ஓடுகிறது. அந்த நூலுக்குத்தான் பெயர் தேடுகிறோம். அதனால் பொருள் + சரடு, ‘பொருட்சரடு’ என்று முன்மொழிகிறேன்.

மையக்கருத்து வேறு. ‘ஆகலின்’ என்ற ஒரு சொல்லில்தான் பாட்டே திரும்புகிறது. கல்லில் மோதி இரையும் பேராற்றில் நீரின் போக்கிலே போகும் புணைபோல (தெப்பம்போல) உயிரும் முறைவழிப் போகும் என்று தெளிந்துவிட்டோம், ஆகவே பெரியோரை வியப்பதில்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்கிறார் கணியன் பூங்குன்றனார். அந்த ‘அதனினும்’ எனக்கு எப்போது படித்தாலும் தொண்டையை அடைக்கும். சமநிலை பேசிக்கொண்டே வந்தவர், கடைசி அடியில் தராசைக் கொஞ்சம் சிறியோர் பக்கம் சாய்த்துவிடுகிறார். முதல் அடியோடு நிறுத்திக்கொள்ளும் மாணவருக்கு இது கிடைக்காமலே போகிறது.

வகுப்பில் சொல்ல எளிய வழி: பொருட்சரடு பெயர்ச்சொல்லாக நிற்கும், மையக்கருத்துக்குப் பயனிலை வேண்டும். ‘சமநிலை’ என்பது சரடு. ‘எல்லா உயிரும் முறைவழிப் போவதால் யாரையும் வியக்காதே, எளியவரை இகழவே இகழாதே’ என்பது கருத்து. ஒரே சரடு பத்துக் கவிதைகளில் ஓடலாம், கருத்து அந்தந்தக் கவிதைக்கே உரியது.

> சரடு பேச்சுவழக்குச் சொல் ஆயிற்றே, அம்மா. கலைச்சொல்லுக்கு ஏற்குமா?

ஏற்கும் என்றே நினைக்கிறேன். கதைச்சரடு என்று விமரிசகர்கள் எழுதத்தான் செய்கிறார்கள். தாலிச்சரடு தெரியாத பிள்ளை கிடையாது, அதனால் சொல்லைக் கேட்டதுமே பொருள் கண்முன் வரும். துணைத் தீம்களுக்குக் ‘கிளைச்சரடு’ என்று நீட்டிக்கொள்ளவும் இடமிருக்கிறது. ‘பொருள்சரடு’ என்று பிரித்து எழுதுவதா, புணர்த்திப் ‘பொருட்சரடு’ என்பதா என்பதில் மட்டும் எனக்கு உங்கள் கருத்து வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை வாய்விட்டுப் படிக்க எது எளிது என்று பார்த்துச் சொல்லுங்கள்.