பாதி வேகத்திலேயே 7000 காட்டும் ஆர்பிஎம் மீற்றர்: புதிது வாங்குவதா?

மட்டக்குளி வள்ளம் எழுதியது:

களனி ஆறு கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டி நிற்கிற 19 அடிக் கண்ணாடியிழைப் படகு என்னுடையது. பின்னால் 40 குதிரைவலு நான்கு ஸ்ட்ரோக் வெளியிணைப்பு மோட்டார். முன்பு மாமா ஓட்டினார். அவர் காலத்தில் படகில் ஒரு மீற்றரும் கிடையாது, காதால் கேட்டே ஓட்டுவார். எனக்கு அந்தக் காது இல்லை என்பதால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஆர்பிஎம் மீற்றர் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டுவது) ஒன்று வாங்கி, ஒரு பையனைக் கொண்டு பூட்டுவித்தேன்.

எஞ்சின் சும்மா ஓடும்போது 1500 காட்டுகிறது. கையேட்டில் இருப்பது 750. பாதி வேகம் கொடுத்தாலே முள் 7000இல் போய் முட்டி நிற்கிறது. கையேட்டின்படி முழு வேகத்துக்கே 5000 முதல் 6000 வரைதான். இது பூட்டிய நாளிலிருந்தே இப்படி. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. இருட்டும் நேரம் சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளைப் போட்டால் முள் துள்ளுகிறது, சில வேளை பூச்சியத்தில் விழுந்துவிடுகிறது. விளக்கை அணைத்தால் எழும்புகிறது.

விற்றவர் மீற்றர் பழுது, வேறு எடுங்கள் என்கிறார். மச்சான், எஞ்சின் அளவு மீறிச் சுற்றுகிறது, புரொப்பெல்லரை மாற்று என்கிறான். மே மாதம் சோளகக் காற்று தொடங்கினால் கடலுக்குப் போவது சந்தேகம்தான், அதற்குள் முடிவு தெரிந்தால் நல்லது.

மொறட்டுவைத் தூண்டில் எழுதியது:

மலிவு மீற்றர்கள் உப்புக்காற்றில் அதிக காலம் நிற்பதில்லை. கண்ணாடிக்குள் ஈரம் கோத்திருந்தால் யோசிக்காமல் தூக்கி எறியுங்கள். பொல்கொடை ஏரியில் ஓடும் என் படகிலேயே மீற்றர் மங்கிப்போனது, அதுவோ கடல்கூட இல்லை.

வயர்க்காரர் எழுதியது:

தம்பி, மீற்றரும் வாங்க வேண்டாம், புரொப்பெல்லரையும் தொட வேண்டாம். எய்தவன் இருக்க அம்பை நோவதுதான் இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. உங்களிடம் இருப்பது இரண்டு கோளாறு. ஒன்று எப்போதும் ஒரே அளவாகப் பிழை காட்டுகிறது, மற்றது நினைத்த நேரம் துள்ளுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பதால்தான் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்.

முதலாவது. 750 இருக்க வேண்டிய இடத்தில் 1500, சரியாக இரட்டிப்பு. பழுதான மீற்றர் இவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லாது. எஞ்சினோடு சுற்றும் பாரச் சில்லான ஃபிளைவீலில் உள்ள காந்தங்கள் சுருள்களைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் மீற்றர் வேகத்தைச் சொல்கிறது. 12 காந்தத் துருவம் உள்ள எஞ்சின் ஒரு சுற்றுக்கு 6 துடிப்புத் தரும், 6 துருவம் என்றால் 3. மீற்றரை 6 துருவத்துக்கு வைத்து 12 துருவ எஞ்சினில் பூட்டினால் எல்லாமே இரட்டிப்பாகத் தெரியும். மீற்றரின் முதுகைப் பாருங்கள். பெரும்பாலும் சின்னஞ்சிறு திருகு ஆளி ஒன்று இருக்கும், சுற்றிவர 4, 6, 12 என்று இலக்கங்கள். திறப்பை அணைத்துவிட்டு, சிறிய ஸ்குரூ டிரைவரால் மெல்ல அழுத்தித் திருப்புங்கள். எந்த இலக்கம் என்பதை எஞ்சின் கையேட்டில் பார்த்து வையுங்கள். வைக்கும் முன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நாலைந்து முறை திருப்பினால் உள்ளே பிடித்திருக்கும் களிம்பும் தேய்ந்து போகும். அந்தக் களிம்பினாலேயே முள் துள்ளுவதும் உண்டு.

இரண்டாவது. விளக்கைப் போட்டால்தான் துள்ளுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். விளக்கும் மீற்றரும் ஒரே கறுப்பு வயரில் பற்றரிக்குத் திரும்புகின்றன, அந்த வழியில் எங்கோ கறள் பிடித்திருக்கிறது. விளக்கின் மின்னோட்டம் அந்த இடுக்கால் போக முடியாமல் முட்டுப்பட, மீற்றரின் எர்த் பற்றரியின் எர்த்தாக இல்லாமல் போய்விடுகிறது. மல்டிமீற்றரை நேரோட்ட (DC) வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மற்றதை மீற்றரின் எர்த் ஆணியிலும் பிடியுங்கள். விளக்கைப் போடுங்கள். கிட்டத்தட்டப் பூச்சியமாக இருந்தால் வயர் நல்லது. அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் கள்ளன் அகப்பட்டுவிட்டான். மல்டிமீற்றர் இல்லையென்றால் பற்றரி மைனஸிலிருந்து அந்த ஆணிக்குத் தனியாக ஒரு வயரைத் தற்காலிகமாகப் பிடித்துப் பாருங்கள், முள் அடங்கினால் வழக்கு முடிந்தது.

எஞ்சினைத் தண்ணீரில் வைத்தே ஓட்டிப் பாருங்கள். கரையில் வெறுமனே ஓட்டினால் நீரிறைக்கும் ரப்பர் சில்லு கருகிவிடும். ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றவே வேண்டாம், எஞ்சின் மின்சாரத்தைப் பற்றரிக்கு ஏற்றபடி நேரோட்டமாக்கும் ரெக்டிஃபயர் போய்விடும். அதன் விலைக்கு இந்த மாதிரி மீற்றர் பல வாங்கலாம்.

மட்டக்குளி வள்ளம் எழுதியது:

நன்றி ஐயா. பின்னால் இலக்க ஆளி இருக்கிறது, 6இல் நிற்கிறது. இன்னொரு சந்தேகம்: எஞ்சின் பக்கத்திலிருந்து வருபவை மஞ்சள், பச்சை, கறுப்பு. மீற்றரின் தாளிலோ சாம்பல், ஊதா, கறுப்பு என்று இருக்கிறது. பையன் குத்துமதிப்பாகக் கொடுத்திருப்பானோ?

வயர்க்காரர் எழுதியது:

மீற்றர் வேலை செய்கிறபடியால் சரியாகத்தான் கொடுத்திருக்கிறான், பையனைத் திட்ட வேண்டாம். உங்கள் தாளில் இருப்பது அமெரிக்க முறை: ஊதா என்றால் திறப்பைப் போட்டதும் வரும் 12 வோல்ட், சாம்பல் என்றால் துடிப்புச் சமிக்ஞை. யமஹாவில் 12 வோல்ட்டுக்கு மஞ்சள், சமிக்ஞைக்குப் பச்சை. சுசுகியில் மஞ்சள்தான் சமிக்ஞை, சாம்பல் 12 வோல்ட். ஒரே மஞ்சள் ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் வேறொன்று. அதனால் நிறத்தை நம்பிப் பூட்டுகிறவனை நான் நம்புவதில்லை. திறப்பை மட்டும் போட்டு, எஞ்சினை இயக்காமல் அளந்தால் எதில் 12 வோல்ட் வருகிறது என்று தெரிந்துவிடும்.

மட்டக்குளி வள்ளம் எழுதியது:

செய்து பார்த்தேன். கையேட்டில் 12 துருவம். ஆளியை 12க்கு மாற்றியதும் சும்மா ஓடும்போது முள் 750க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது, முழு வேகத்தில் 5600. மச்சான் இப்போது புரொப்பெல்லர் பேச்சே எடுப்பதில்லை.

விளக்கைப் போட்டு அளந்தபோது 1.4 வோல்ட். தளத்துக்குக் கீழே இணைப்பைத் தேடிப் பிடித்தேன். வெறும் முறுக்கு, மேலே வீட்டு வயரிங்குக்குச் சுற்றும் டேப். டேப்பை உரித்ததும் பச்சைத் தூள் கொட்டியது, செப்புக் கம்பியில் பாதி இழை கையோடு வந்துவிட்டது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, வெள்ளீயம் பூசிய செப்பு வயர் போட்டு, அழுத்து இணைப்பி வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயும் ஏற்றினேன். இப்போது விளக்கைப் போட்டாலும் முள் அசையவில்லை.

நீர்கொழும்பு அந்தோனி எழுதியது:

வயர்க்காரர் ஐயா, இதோடு என்னுடையதையும் கேட்டுவிடுகிறேன். என் எரிபொருள் மீற்றர் தலைகீழ். தாங்கி நிறைந்திருந்தால் வெறுமை, வற்ற வற்ற முள் ஏறுகிறது. இதுவும் எர்த்தா?

வயர்க்காரர் எழுதியது:

இல்லை, இது சோடி மாறிய கேஸ். தாங்கிக்குள் எரிபொருள் மட்டத்தை அறியும் மிதவை உணரி அமெரிக்க முறை என்றால், தாங்கி வெறுமையாக இருக்கும்போது மின்தடை 240 ஓம், நிறைந்தால் 33 ஓம் அளவு தரும். ஐரோப்பிய முறை நேர்மாறு: வெறுமைக்கு 10, நிறைவுக்கு 180. உங்களிடம் மீற்றர் ஒரு முறை, தாங்கியில் உள்ள உணரி மற்ற முறை. தாங்கியை நிரப்பி, உணரியின் வயரைக் கழற்றி, ஓம் அளந்து பாருங்கள். 180 பக்கம் வந்தால் ஐரோப்பிய உணரி, அதற்குப் பொருந்தும் மீற்றர் வாங்குவதுதான் மலிவு. வயரை எர்த்தில் தட்டித் தட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பெற்றோல் ஆவிக்குப் பக்கத்தில் அந்தப் பொறி வேண்டாம், தாங்கி இருக்கும் அறையின் மூடியைத் திறந்து காற்றோட விட்டுவிட்டு மல்டிமீற்றரால் மட்டும் அளவுங்கள்.