புதுப்பிப்பு: புத்தளம் உப்பளத்துக் குருவி டெசர்ட் வீட்டியர்தான்!

கன்னியாகுமரி மாவட்டம் மணக்குடிப் பக்கத்துப் புத்தளம் உப்பளத்து வரப்பில் பார்த்த மணல் நிறக் குருவி எது என்று படம் போட்டுக் கேட்டிருந்தேன். டெசர்ட் வீட்டியரா (Desert Wheatear), இசபெலைன் வீட்டியரா (Isabelline Wheatear) என்று பதில்கள் இரண்டாகப் பிரிந்தன. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே தெரியும் வலசைக் குருவிகள்.

இன்று காலை அது வாலை விரித்துப் பறந்தபோது தெளிவான படம் கிடைத்தது. வால் கிட்டத்தட்ட அடிவரை கறுப்பு. இசபெலைனுக்கு வாலடியில் வெள்ளை நன்றாகத் தெரியும். கறுப்பு நுனிப்பக்கம் பட்டையாகத்தான் இருக்கும். தொண்டையில் கறுப்பில்லை, ஆகவே பெண் பறவை. ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை நம்ம மணக்குடிப் பக்கம்! இன்னும் நம்ப முடியவில்லை.

அப்புறம், பார்க்கப் போகிறவர்கள் பாத்திகளுக்குள் இறங்க வேண்டாம், அங்கே உப்பு வாரும் வேலை நடக்கிறது. அதன் குரலின் ஒலிப்பதிவைப் போட்டு அழைக்கவும் வேண்டாம். அது நிம்மதியாகப் பூச்சி பிடிக்கட்டும். பறவைகளைப் பார்த்ததைப் பதியும் இ-பேர்டு (eBird) தளத்தில் படத்தோடு பதிவு செய்துவிட்டேன்.