தபால் தலையில் வந்த ஆப்பிரிக்கப் பறவைகள்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ராயபுரத்துக்காரன்:
எங்க நைனாவுக்கு ஹார்பர்ல வேலை. கப்பல் ஏஜெண்ட் ஆபீசுல கிழிச்சுப் போடுற கவருங்களை மடியில கட்டிக்கினு வருவாரு. ஒருநாள் உகாண்டா கவர் ஒண்ணு, ஸ்டாம்புல ஒரு பறவை. தலையில தங்கக் கம்பி நட்டு வெச்ச மாதிரி கொண்டை, நாரை ஜாதி. 1962-ல சுதந்திரம் வாங்கினப்ப கொடியிலயே இந்தப் பறவையைப் போட்டுக்கினாங்கன்னு பின்னாடிதான் படிச்சேன். ஸ்டாம்பை அவசரத்துல பிச்சேன், ஒரு மூலையில ஓரத்துப் பல்லே போச்சு. நைனா திட்டல. அடுத்த கவரைக் கிண்ணத்துத் தண்ணியில மிதக்க விட்டாரு. கொஞ்ச நேரத்துல ஸ்டாம்ப் தானா வழுக்கிக்கினு வந்துச்சு. ஆனாலும் ஆல்பத்துல முதல் பக்கம் அந்தப் பல்லு போன நாரைக்குத்தான்.

மண்ணடி வாசி:
அண்ணே, நான் ஏமாந்த கதை. பத்தாவது படிக்கிறப்ப பாரிமுனை நடைபாதையில ஒரு பாக்கெட் வாங்கினேன். ஈக்வடோரியல் கினி, பூரா பறவை, எல்லாத்துலயும் தபால் ஆபீசு குத்துற மாதிரி முத்திரை. வீட்டுல தண்ணியில போட்டா ஒரே பிசுபிசுப்பு. பின்னாடி பசை அப்படியே இருக்கு! எந்தக் கவர்லயும் ஒட்டினதே இல்ல. முத்திரையும் அளவெடுத்த மாதிரி ஒரே மூலையில. சேர்க்கிறவங்களுக்குன்னே அச்சடிச்சு, முத்திரையும் குத்தி விக்கிற சரக்கு. 1970-களில் அந்த நாட்டுப் பேர்ல இப்படி ஏகப்பட்டது வந்தது. கலரு என்னவோ அள்ளும். ஆனா கடிதம் சுமக்காத ஸ்டாம்ப் எனக்கு ஸ்டிக்கர்தான். இப்ப வாங்குறதுக்கு முன்னாடி முதுகைத் திருப்பிப் பார்த்துடுவேன்.

எண்ணூர் அம்மா:
எங்க வீட்டுல சேர்க்கிறது பையன். அவன்கிட்ட இருக்கிற ஆப்பிரிக்க ஸ்டாம்ப் ஒண்ணுல கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. போன டிசம்பர்ல கழிமுகப் பக்கம் போனோம். சாம்பல் கலந்த அந்தத் தண்ணிக்கு மேல ஒரு பறவை அந்தரத்துல நின்னு படபடன்னு இறக்கை அடிச்சுது, பொத்துன்னு தலைகீழா விழுந்துச்சு. "அம்மா, ஆப்பிரிக்காலேர்ந்து வந்திருக்கு!"ன்னு கத்துறான். அது அங்கயும் உண்டு, இங்கயும் உண்டுடா, இது நம்ம ஊர்க்காரன்னு சொன்னேன். மூஞ்சி சுருங்கிடுச்சு பாவம். சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆமா, ஸ்டிக்கர் மாதிரி வர்ற புது ஸ்டாம்ப் தண்ணியில ஊறவே மாட்டேங்குதே, என்ன பண்றது?

ராயபுரத்துக்காரன்:
அக்கா, அதை உரிக்கவே உரிக்காதீங்க. சுத்தி ஓரம் விட்டுக் கவரோட வெட்டி வெச்சுக்கச் சொல்லுங்க. என் நாரைக்கு வந்த கதி போதும்.