எண்ணூர் எண்ணெய்க் கசிவு: முந்தைய பதிவுக்குப் புதுப்பிப்பு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வடசென்னையின் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் வந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். "நிவாரணம்தான் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 என்று அரசு அறிவித்தது. படகே இல்லாமல், தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் இங்கே நிறைய. எண்ணெய் படிந்தது அந்தச் சேற்றில்தான், அலையாத்தி மர வேர்களில்தான். இறால் குஞ்சு வளர்வதும் அங்கேதான். மேலே மிதந்ததை அள்ளிவிட்டால் வேலை முடிந்ததா? அதையும் மீனவர்களே வாளியும் வெறுங்கையுமாக அள்ளினார்கள்.

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும் இதே வாளிதான். எண்ணெய் பரவாமல் தடுக்கும் மிதவைகள் கழிமுகத்திலேயே தயாராக இருக்க வேண்டும். சேற்றைச் சோதிக்கும்போது குப்பத்து ஆட்களும் கூட நிற்க வேண்டும். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.