துருவிய பின் மூன்று நிமிடம்: பச்சை ஹார்ஸ்ராடிஷ் வேர் அனுபவங்கள்

கார்த்திகைப்பூ எழுதியது:

பத்து வருடமாக, ஹார்ஸ்ராடிஷ் என்ற கார வேரைத் துருவிப் பாட்டிலில் அடைத்து வருவதை மட்டுமே சாப்பிட்டு வந்தேன். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் காரம், அதன் குணம் அவ்வளவுதான் என்று முடிவுகட்டியும் வைத்திருந்தேன். போன குளிர்காலத்தில் முழு வேர் ஒன்று கைக்குக் கிடைத்தது. அப்போதுதான் இத்தனை நாளும் ஆறிப்போன காரத்தைச் சாப்பிட்டு வந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

முழங்கை நீளம் இருந்தது. பழுப்புத் தோல், வரிவரியாகச் சுருக்கம், ஒரு முனையில் இலைகளை வெட்டிய வட்டத் தழும்புகள். முகர்ந்து பார்த்தேன். மண் வாசனையைத் தவிர எதுவும் இல்லை. விரல் நீளத்துக்குத் தோல் சீவினேன். உள்ளே தந்தம்போல வெண்மை. மறுபடியும் முகர்ந்தேன், அப்போதும் ஒன்றுமில்லை. பழைய வேரைக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டே நுண்துருவியில் இழுக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது இழுப்பில் கண்ணைத் திறக்க முடியவில்லை. நெற்றிப்பொட்டு வரை ஒரு குளிர்ந்த நெருப்பு ஏறியது. ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிய அடுத்த நொடி எல்லாம் இறங்கிவிட்டது. நாக்கில் மெல்லிய இனிப்பு மட்டும் மிச்சம். அந்த இனிப்பைப் பாட்டிலில் நான் ஒருநாளும் கண்டதில்லை.

முழு வேரில் நெடி இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. வேருக்குள் காரம் தயாராக உட்கார்ந்திருக்கவில்லை. சினிக்ரின் என்ற பொருள் ஓர் இடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் இருக்கின்றன. துருவி செல்களைக் கிழிக்கும்போது இரண்டும் சந்திக்கின்றன. அப்போது பிறப்பதுதான் அல்லைல் ஐசோதயோசயனேட். கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, அதே சரக்கு. கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி எல்லாம் இதன் சொந்தக்காரர்கள்தாம்.

இது புரிந்ததும் நான்கு கிண்ணங்களை வரிசையாக வைத்துச் சோதித்துப் பார்த்தேன். முதல் கிண்ணத்தில் துருவிய கையோடு வினிகர் ஊற்றினேன். இரண்டாவதில் ஒரு நிமிடம் கழித்து. மூன்றாவதில் மூன்று நிமிடம் கழித்து. நான்காவதில் எதுவும் ஊற்றவில்லை. முதல் கிண்ணம் சாது, குழந்தைகூடத் தொட்டுக்கொள்ளும். இரண்டாவது சுள்ளென்றது. மூன்றாவதை வாயில் வைத்ததும் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வினிகரின் புளிப்பு நொதியின் வேலையை நிறுத்திவிடுகிறது. எந்த நிமிடத்தில் ஊற்றுகிறோமோ அந்த நிமிடத்துக் காரம்தான் நமக்கு. நான்காவது கிண்ணம்தான் எனக்குப் பாடம். அரைமணி நேரத்தில் வெண்மை மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது. நெடி பறந்துவிட்டது, கசப்பு தங்கிவிட்டது.

இப்போதெல்லாம் என் கணக்கு இது: ஒரு கோப்பை துருவலுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர், கால் தேக்கரண்டி உப்பு, மூன்று நிமிடக் காத்திருப்பு. நேரத்தைக் கடிகாரம் பார்த்தே அளக்கிறேன், கண்மதிப்பை நம்புவதில்லை.

அடுப்பில் கொதிக்கவிடாதீர்கள். உருளைக்கிழங்கு சூப்பில் இரண்டு கரண்டி துருவலைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் காரம் ஆவியோடு போய்விட்டது, வேகவைத்த முள்ளங்கி மாதிரி ஏதோ ஒன்று மிதந்துகொண்டிருந்தது. மறுநாள் அதே சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே நேராகத் துருவி, ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுபோய் வைத்தேன். வீடே மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கிண்ணம் கேட்டது.

உங்கள் அனுபவங்களைக் கேட்க ஆசை. நீங்கள் இதை முதலில் எங்கே சந்தித்தீர்கள்?

புதுக்கரண்டி எழுதியது:

அக்கா, துருவிக்குப் பயந்து நான் மிக்ஸியில் போட்டேன். துண்டுகளாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் ஓடவிட்டேன். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். மூச்சு அப்படியே நின்றுவிட்டது. மூடியை வைத்து மூடக்கூடக் கை வரவில்லை, பால்கனிக்கு ஓடினேன். துருவும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும் நெடி, மிக்ஸிக்குள் மொத்தமாகச் சேர்ந்து காத்திருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. புதிதாகச் செய்பவர்களுக்காக எழுதுகிறேன்: முகத்தைத் திருப்பிக்கொண்டு, கை நீட்டித் திறங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கண்ணைக் கசக்காதீர்கள், கையிலும் அது இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நேரத்தில் சமையலறையில் இல்லாமல் இருப்பது நல்லது.

இவ்வளவு பட்டும் அடுத்த வாரமே மறுபடி வாங்கினேன். வேகவைத்த பீட்ரூட்டைத் துருவி, அதோடு இதைச் சேர்த்துப் பிசிறி, துளி சர்க்கரை, உப்பு, வினிகர் போட்டு ஒரு நாள் வைத்துச் சாப்பிட்டேன். பீட்ரூட்டின் இனிப்பு முதலில் வருகிறது, காரம் பின்னாலேயே ஓடி வந்து முந்திவிடுகிறது. நிறத்துக்காகவே ஒரு முறை செய்து பார்க்கலாம்.

அந்திவெயில் எழுதியது:

பீட்ரூட் கலந்ததற்குக் கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் ஹ்ரேய்ன் என்று பெயர். நான் இந்த வேரைச் சந்தித்தது அப்படியொரு வீட்டில்தான்.

உடன் வேலை பார்க்கும் தோழி பாஸ்கா பண்டிகையின் முதல் இரவு விருந்துக்கு அழைத்திருந்தாள். எகிப்தில் முன்னோர்கள் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கதையை அந்த இரவில் குடும்பம் முழுவதும் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். தட்டில் மாரோர் என்று ஒன்று இருக்கும். கசப்பான மூலிகை என்று பொருள். அடிமை வாழ்வின் கசப்பை நினைவூட்டுவதற்காக அதை உண்ண வேண்டும். வசந்தத்தின் தொடக்கத்தில் கீரை எதுவும் முளைத்திராத குளிர் நாடுகளில் வாழ்ந்தவர்கள், மண்ணுக்கடியில் கிடைத்த இந்த வேரை அதற்கு எடுத்துக்கொண்டார்கள்.

தோழியின் தாத்தா வேரைத் தானே துருவினார். தொண்ணூறை நெருங்கியவர். பேரப்பிள்ளைகள் வாங்கிக்கொள்ள வந்தபோது கொடுக்கவில்லை. கண்ணீர் வழிய வழியத் துருவி, எல்லாருடைய தட்டிலும் ஒரு சிட்டிகை வைத்தார். எனக்கும் வைத்தார். வாயில் போட்டதும் என் கண்ணிலிருந்தும் நீர் கொட்டியது. மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தோம். சிறு பையன் ஒருவன் மட்டும் தண்ணீர் கேட்டான். அவனுடைய அம்மா, "கொஞ்சம் பொறு, தானே போய்விடும்" என்றார். அப்படியே போய்விட்டது.

வீட்டில் இதைத் துருவும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாத்தாவின் கைதான் நினைவுக்கு வருகிறது. அதனாலேயே நான் மிக்ஸியில் போடுவதில்லை.

சோதனைக்குழாய் எழுதியது:

இருபது வருடமாக நாள் தவறாமல் இந்த வேரோடு பழகுகிறேன், ஆனால் சமையலறையில் அல்ல. நான் பார்ப்பது ஆய்வக வேலை. ரத்தப் பரிசோதனையில் எலைசா என்ற முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பெரும்பாலும் பயன்படுவது ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் என்ற நொதி. பெயரிலேயே ஊர் தெரிகிறது, இந்த வேரிலிருந்து எடுப்பதுதான். கார்த்திகைப்பூ சொன்ன மைரோசினேஸ் வேறு, இது வேறு. நாம் தேடும் பொருள் ரத்த மாதிரியில் இருந்தால், நொதி அங்கே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒரு நிறமற்ற திரவத்தை விடுவோம். சின்னக் குழியில் நீலம் மெதுவாகப் பூத்து வரும். அமிலம் விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். எத்தனை ஆயிரம் முறை பார்த்தாலும் அந்த நீலம் எனக்கு அலுத்ததில்லை.

இவ்வளவு பழகியும் பச்சை வேரை முதலில் தின்றது மூன்று வருடங்களுக்கு முன்புதான். புகையூட்டிய மீனோடு கிரீம் சாஸாகக் கொடுத்தார்கள். புளித்த கெட்டிக் கிரீம் அரைக் கோப்பை, துருவல் மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு சில துளிகள், உப்பு. அரைமணி நேரம் குளிரில் வைத்தால் போதும். கிரீமின் கொழுப்பு முனையை மழுங்கச் செய்து வாசனையை மட்டும் மேலே கொண்டுவருகிறது. என்னைக் கேட்டால் இந்த வேருக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. மாட்டிறைச்சி ரோஸ்டோடு ஆங்கிலேயர்கள் வைத்துக்கொள்வதும் ஏறக்குறைய இதுதான். ஆஸ்திரியாவில் துருவிய ஆப்பிளோடு கலந்து, வேகவைத்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். அதுவும் அருமையாக இருக்கும்.

மிளகாய்க் காரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பற்றி ஒரு வார்த்தை. மிளகாயின் கேப்சைசின் ஆவியாகாது, நாக்கில் தங்கிவிடும். இது ஆவியாகி மூக்குக்குப் போகிறது. நரம்பில் இரண்டும் தட்டும் கதவுகள்கூட வேறு வேறு. அதனால் மிளகாய்க்குப் பழகிய நாக்கு இதற்கு உதவாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் வசாபி என்ற தங்கள் நாட்டுக் காரச் செடியின் நெடியைக் கொண்டு, காது கேளாதவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் தீ எச்சரிக்கைக் கருவி ஒன்றை உருவாக்கி 2011இல் இக் நோபல் என்ற வேடிக்கையான அறிவியல் பரிசை வாங்கினார்கள். அதிலும் வேலை செய்வது இதே அல்லைல் ஐசோதயோசயனேட்தான். வசாபி என்ற பெயரில் நமக்குக் கிடைக்கும் பச்சைப் பசையில் பெரும்பாலானவை ஹார்ஸ்ராடிஷும் கடுகும் பச்சை நிறமும் சேர்ந்தவை. ஆகவே நம்மில் பலர் தெரியாமலேயே இதை ஏற்கெனவே சந்தித்திருக்கிறோம்.

பாட்டிலைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அவசரத்துக்கு அது போதும். அதற்கென்று ஒரு வரலாறும் இருக்கிறது. 1869இல், பின்னாளில் தக்காளி கெட்சப்புக்குப் பெயர்போன எச். ஜே. ஹைன்ஸ் தன் தொழிலைத் தொடங்கியது துருவிய ஹார்ஸ்ராடிஷை விற்றுத்தான். டர்னிப் கிழங்கு போன்றவற்றைக் கலந்துவிட்டு நிறக் கண்ணாடியில் மறைத்து மற்றவர்கள் விற்ற காலத்தில், அவர் உள்ளே இருப்பது தெரியும்படி தெளிவான கண்ணாடியில் அடைத்தார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை உண்டு.

கொல்லைமண் எழுதியது:

எல்லாரும் சாப்பிட்ட கதை சொல்கிறீர்கள், நான் வளர்த்த கதை சொல்கிறேன். குளிர் நன்றாக விழும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது எளிது. பென்சில் தடிமனுள்ள வேர்த் துண்டைச் சாய்வாக நட்டால் போதும். இலைகள் முழங்காலைத் தாண்டி வளரும். இலையுதிர்காலக் கடைசியில், உறைபனி பட்டு இலைகள் சாய்ந்த பிறகு தோண்டுங்கள்.

ஆனால் இடத்தை யோசித்து நடுங்கள். முதல் வருடம் காய்கறிப் பாத்தியின் நடுவில் நட்டுவிட்டேன். தோண்டி எடுத்தபோது உடைந்து மண்ணில் தங்கிய துண்டுகள் ஒவ்வொன்றும் அடுத்த வசந்தத்தில் ஒரு செடியாக நின்றன. கேரட் பாத்தி முழுக்க அதுதான். மூன்று வருடம் போராடினேன். இப்போது அடிப்பாகம் வெட்டிய பெரிய வாளியை மண்ணில் புதைத்து, அதற்குள் மட்டும் வளர்க்கிறேன். இலைகளையும் வீணாக்குவதில்லை. ரஷ்யர்களும் போலந்துக்காரர்களும் வெள்ளரிக்காய் ஊறவைக்கும்போது ஜாடியில் ஓர் இலையைப் போடுவார்கள், காய் மொறுமொறுப்பாக இருக்கும். நானும் போடுகிறேன்.

வாங்குபவர்கள் கல்போல இறுகிய வேராகப் பாருங்கள். வளைந்தால் வேண்டாம். தோலுக்கடியில் பச்சை ஓடியிருந்தால் கசக்கும். மிகவும் பருத்த வேரின் நடுவில் நார் இருக்கும், அதை வெட்டி எறிந்துவிடுங்கள்.

கார்த்திகைப்பூ எழுதியது:

அந்திவெயில், அந்தத் தாத்தாவின் கதையை இரண்டு முறை வாசித்தேன். வீட்டில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்தும் காட்டினேன். சோதனைக்குழாய் சார், கிரீம் சாஸ் நேற்றே செய்தாயிற்று. மூன்று கரண்டியை நான்காக்கினேன், எனக்கு அதுதான் சரியாக இருந்தது. ஹைன்ஸ் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் பாட்டிலுக்குத் திரும்ப மாட்டேன்.

யாரோ தனிமடலில் முருங்கையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் முருங்கைக்கு ஹார்ஸ்ராடிஷ் மரம் என்ற பெயர் இருப்பது உண்மை. அதன் வேரிலும் இதே போன்ற காரம் இருப்பதால் வந்த பெயர். ஆனால் முருங்கை வேர்ப்பட்டையில் நச்சுத்தன்மையுள்ள பொருட்கள் உண்டு. பெயரை நம்பித் துருவிச் சாப்பிட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

சேமிப்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: தேவையான துண்டை மட்டும் வெட்டித் தோல் சீவுங்கள். மிச்சத்தைத் தோலோடு ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். உறைபெட்டியிலும் வைக்கலாம். உறைந்த வேரை இளக விடாமல் அப்படியே துருவினால் பொடிப் பனிபோல உதிரும். நெடி சற்றுத் தாமதமாகத்தான் எழும், ஆனால் நிச்சயம் எழும்.

கொல்லைமண் அண்ணா, என்னிடம் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. நடலாம் என்று பார்க்கிறேன். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கின்றனவே, எது மேல், எது கீழ்?

கொல்லைமண் எழுதியது:

நல்ல கேள்வி, தங்கச்சி. தடித்த முனை மேல். இனிமேல் வேரிலிருந்து துண்டு வெட்டும்போதே மேல்முனையை நேராகவும் கீழ்முனையைச் சாய்வாகவும் வெட்டி வையுங்கள். விவசாயிகள் காலங்காலமாகச் செய்யும் அடையாளம் அது. பிறகு எத்தனை நாள் கழித்து எடுத்தாலும் குழப்பம் வராது. வாளியை மறந்துவிடாதீர்கள்.

கார்த்திகைப்பூ எழுதியது:

வெட்டிவிட்டேன். மேலே நேர், கீழே சாய்வு. வெட்டிய வாயிலிருந்து இப்போதே லேசாக நெடி வருகிறது. பழைய தண்ணீர் வாளி ஒன்றின் அடியை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். இருட்டுவதற்குள் நட்டுவிடுவேன்.