மணிவிழா பரிசு (பெரியப்பாவிடம் மூச்சு விடாதீர்கள்)

கார்த்தி: கார்டிஃப் ஸ்பில்லர்ஸ் ரெக்கார்டு கடையில் நிற்கிறேன். சூப்பர் ஃபர்ரி அனிமல்ஸ் என்ற வேல்ஸ் ராக் குழுவின் எல்.பி. ரெக்கார்டு இரண்டு இருக்கிறது: ‘முங்’, ‘ரிங்ஸ் அரவுண்ட் த வேர்ல்ட்’. எது வாங்க?

கோமதி அத்தை: திருக்கடையூருக்கு வேட்டி, புடவை யார் எடுக்கிறீர்கள்? அதை யாரும் பேசக் காணோம்.

செந்தில்: முங்!! 2000இல் வந்தது. முழுக்க வெல்ஷ் மொழி. இவர்கள் ரெக்கார்டு போட்டுவந்த கிரியேஷன் கம்பெனி மூடுகிற நேரம், சொந்த லேபிளில் போட்டார்கள். முந்தைய ‘கெரில்லா’வில் எலெக்ட்ரானிக் ஒலி நிறைய. இது எளிமையாக, ஐந்து பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்தது போல இருக்கும். பிரிட்டன் பட்டியலில் 11ஆம் இடம் வரை ஏறியது. எல்ஃபின் லுய்ட் என்ற வேல்ஸ் எம்.பி. பார்லிமெண்டில் பாராட்டித் தீர்மானம் கொடுத்தார். வாங்கியவர்களில் எத்தனையோ பேருக்கு வெல்ஷ் தெரியாது.

பாலு சித்தப்பா: மூச்சு வாங்கிக்கொள்ளடா

வித்யா: ரிங்ஸ்தான். பெரியப்பா பீட்டில்ஸ் பைத்தியம். இதில் மெக்கார்ட்னி இருக்கிறார்.

பாலு சித்தப்பா: பாடுகிறாரா?

வித்யா: கேரட்டும் செலரியும் கடிக்கிறார். அந்தச் சத்தத்தைப் பாட்டில் சேர்த்திருக்கிறார்கள்.

கோமதி அத்தை: அதற்கு ரெக்கார்டா?

பாலு சித்தப்பா: நம் அண்ணன் முறுக்கு கடித்தாலே தெருமுனை வரை கேட்குமே.

ராஜி சித்தி: 😂😂

செந்தில்: கேலி வேண்டாம் சித்தப்பா. ராக் இசைக்காரர் ஜான் கேலும் பியானோ வாசித்திருக்கிறார், அவரும் வேல்ஸ்காரர். பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்குரி பரிசின் 2001 கடைசிப் பட்டியலில் வந்தது, பரிசு பாடகி பி.ஜே. ஹார்விக்குப் போனது. பாட்டுக்குப் பாட்டு படம் எடுத்து டிவிடியாகவும் விட்டார்கள். விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கு மெருகு கொஞ்சம் கூடிப்போனதாகத்தான் படுகிறது.

வித்யா: உனக்குப் படுவதற்காகப் பெரியப்பா கேட்கக் கூடாதா?

கார்த்தி: என் ஆபீஸில் ஒரு வடக்கு வேல்ஸ்காரர் இருக்கிறார். முங் என்றாலே அவர் குரல் மாறிவிடும். தொண்ணூறுகளில் இவர்கள் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள் என்று அங்கே சிலருக்குக் கோபமாம்.

பாலு சித்தப்பா: வார்த்தை புரியாமல் அண்ணன் கேட்பாரா?

செந்தில்: தெலுங்கு புரிந்தா தியாகராஜ கீர்த்தனை கேட்கிறார்?

வித்யா: அது சரி.

பாலு சித்தப்பா: சரி, போட்டுக் கேட்க பிளேயர் எங்கே? கோமதியைக் கேளுங்கள்.

கோமதி அத்தை: பாகம் பிரிக்கும்போது அப்பா கையால் எனக்குக் கொடுத்தது. அந்தப் பேச்சு அன்றைக்கே முடிந்தது.

பாலு சித்தப்பா: யார் முடித்தது?

ராஜி சித்தி: போதும், ஃபோனைக் கீழே வையுங்கள்.

செந்தில்: அத்தை, ஊசி நல்லா இருக்கிறதா?

கோமதி அத்தை: ஊசி இல்லை. நீ வாங்கிப் போட்டால் விழாவுக்குக் கொண்டுவருகிறேன். திருப்பி எடுத்துக்கொண்டு போவேன்.

செந்தில்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்கிறேன்.

கார்த்தி: இங்கே கடை மூடப் போகிறார்கள். எது???

செந்தில்: முங்

வித்யா: ரிங்ஸ். இல்லையென்றால் இரண்டும் எடு, பாதிப் பணம் நான் தருகிறேன்.

கார்த்தி: முங்குக்குப் பில் போட்டாயிற்று. ரிங்ஸ் கையில் இருக்கிறது. பெட்டியில் இடம்தான் யோசனை.

பெரியம்மா: கார்த்தி, போன தடவை கொண்டுவந்த அந்த பிஸ்கட் டின்னில் இரண்டு எடுத்துக்கொள்.