திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ் யாருக்காகக் கட்டினது?

மலைக்கோட்டைவாசி:
நேத்து ஒருத்தர் "அது ஐயருங்களுக்காக சேசு சபை சாமியாருங்க கட்டினது"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாரு, மனசு கேக்கல, அதான் எழுதுறேன். சேசு சபைக்காரங்க (ஜெசுயிட் சாமியாருங்க) 1838ல மதுரை மிஷனுக்கு, அதாவது இந்தப் பக்கத்து மதப்பணிக்கு, திரும்பி வந்தாங்க, ஆறே வருஷத்துல, 1844ல, நாகப்பட்டினத்துல இதை ஆரம்பிச்சிட்டாங்க. திருச்சிக்கு வந்தது 1883ல. இன்னிக்கு இருக்கற காலேஜ், ஹையர் செகண்டரி ஸ்கூல் ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். கலாம் 1950ல இங்க சேர்ந்தப்ப ஹாஸ்டல்ல அவர் ரூம்ல ஸ்ரீரங்கத்து ஐயங்கார் பையன் ஒருத்தர், கேரளா சிரியன் கிறிஸ்தவர் ஒருத்தர், இவரு ராமேஸ்வரத்து முஸ்லிம். மூணாவது வருஷம் சைவ மெஸ்ஸுக்கு இவரே செயலாளர். ஞாயித்துக்கிழமை ரெக்டர் ஃபாதரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க, கலாமே சுயசரிதைல சொன்னது. இதுக்கு மேல என்ன விழுமியம் வேணும்?

உறையூர்க்காரன்:
கலாம் வந்தது 1950. நான் கேக்கறது அதுக்கு அம்பத்தஞ்சு வருஷம் முன்னாடி. பிராமணப் பசங்க மதம் மாறினா மத்தவங்க தானா வருவாங்கன்னு நினைச்சுதானே அவங்க மேல அவ்ளோ கவனம் வச்சாங்க? 1894ல மகாதேவ ஐயர் மாறினாரு, அப்புறம் அப்படி மாறினவங்களுக்குன்னே செயின்ட் மேரீஸ் தோப்புல தனிக் குடியிருப்பு. அதே ஞானஸ்நானம் வாங்கின எங்க தலித் சனத்துக்கு யாரு தோப்பு குடுத்தா? மேலப்புதூர் கல்லறைல செத்த பிறகும் நடுவுல சாதிச் சுவர். இதெல்லாம் விட்டுட்டு காலேஜ் ஆண்டுமலர்ல கலாம் போட்டோ மட்டும் போட்டா வரலாறு ஆயிடுமா?

தெப்பக்குளம்87:
நான் இந்து, அங்கதான் படிச்சேன். முதல் பீரியட் பெல் அடிச்சா கத்தோலிக்கப் பசங்க ஞானோபதேசத்துக்குப் போவாங்க, நாங்க நன்னெறி வகுப்புக்கு. ஒருநாளும் என்னை மாறச் சொன்னதில்ல. ஹாஸ்டல் வராண்டா கூட்டறது முறை வச்சு, மிராசுதார் பையனும் கூட்டுவான், தோல் ஷாப்ல வேலை பாக்கறவர் பையனும் கூட்டுவான், வெளக்கமாறு ஒண்ணுதான். சுவர் கல்லறைல இருந்துச்சு, வகுப்புல இல்லயே சார்.

உறையூர்க்காரன்:
நீங்க பாத்தத நான் மறுக்கல சார். ஆனா கல்லறையும் வகுப்பும் ஒரே சபை மக்களோடதுதானே, அங்க மௌனமா இருந்துட்டு இங்க சமத்துவம் சொல்லிக்குடுத்தா பையன் எதை நம்புவான்? போன வருஷம் எங்க அக்கா பொண்ணுக்கு சீட் கேட்டு வேற ஒரு மிஷன் ஸ்கூலுக்குப் போனோம், பேர் வேணாம், முதல் கேள்வியே டொனேஷன் எவ்ளோ குடுப்பீங்க. ஏழைக்குன்னு ஆரம்பிச்சோம்னு போர்டு மட்டும் வாசல்ல.

மலைக்கோட்டைவாசி:
டொனேஷன் கேட்டது தப்பு, அதுல ஒத்துக்கறேன். தோப்பு கதையும் ஆண்டுமலர்ல வரணும், முழுசா வரணும், அதுவும் ஒத்துக்கறேன். ஆனா "ஐயருங்களுக்காகக் கட்டினது"ன்னு சொன்னா எங்கப்பா அதுல எங்க போவாரு? அரியலூர் பக்கம் காட்டு வேலை செஞ்ச வீடு எங்களுது, நாங்களும் உங்க சனம்தான். தாத்தா மாசத்துக்கு ஒருதடவை துண்டுல அவல் முடிஞ்சு எடுத்துக்கிட்டு ஹாஸ்டலுக்கு வருவாராம், ஃபீஸ் பத்திக் கேக்கப் பயந்துக்கிட்டு கேட்டுக்கு வெளியவே நிப்பாராம். ஒருநாள் ஃபாதர் அங்கி நுனியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கேட் வரைக்கும் நடந்து வந்து, கைப்பிடி அவல் வாங்கி வாயில போட்டுக்கிட்டு, "பையன் படிக்கிறான், நீங்க போய் வேலையப் பாருங்க"ன்னாராம். அப்பா அந்த ரசீதுங்கள இன்னும் வச்சிருக்காரு, ஒண்ணுலயும் தாத்தா கட்டின பணம் இல்ல.